கொடையிலிருந்து உரிமைக்கு: தமிழகப் பள்ளிக் கல்வியில் மக்கள் கோரிக்கையின் பயணம்

பள்ளிக் கல்வியின் வரலாற்றை முதலமைச்சர்களின் பெயர்களாலும் அரசாணைகளின் தேதிகளாலும் எழுதிப் பழகிவிட்டோம். அவ்வரலாற்றில் ஊர்மக்கள் பயனாளிகளாக மட்டுமே வந்து போகிறார்கள். தமிழகத்தின் எழுபது ஆண்டு அனுபவமோ வேறு கதை சொல்கிறது. இங்கே பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு முன்னால் ஒரு கோரிக்கையோ எதிர்ப்போ இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் சில வெற்றிகள் வேர்விட்டன. சில வெற்றிகள் நம் கண்ணெதிரே சுருங்கின. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மக்கள் கோரிக்கை ஒரு திட்டத்தைப் பெற்றுத் தந்தால் போதாது. அத்திட்டத்தைத் தொடர்ந்து கேள்வி கேட்பதற்கான நிலையான இடத்தையும் மக்களுக்குப் பெற்றுத் தர வேண்டும். அப்போதுதான் சமத்துவம் வகுப்பறைக்குள் நுழையும் என்பது என் வாதம்.

எதிர்ப்பும் சீரமைப்பும்

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளின் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரண்டு வேளையாகப் பள்ளி நடத்தினால், கூடுதல் செலவின்றி அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கில் இருந்த அநீதியை ‘குலக்கல்வி’ என்ற ஒற்றைச் சொல் மக்களுக்கு விளக்கியது. சலவைத் தொழிலாளியின் மகனுக்குப் பெற்றோரின் தொழில் என்றால் என்ன பொருள் என்று கிராமத்தில் எவருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 மார்ச்சில் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போனாலும் அது எழுப்பிய பணக் கேள்வி போகவில்லை. அதற்கான விடையைக் காமராசரும் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவும் ஊர்களிடமே தேடினார்கள். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, முதலில் மக்கள் கொடையில்தான் நடந்தது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கூடித் தங்கள் பள்ளியின் குறைகளைப் பட்டியலிட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, சீருடை, வகுப்பறை என்று இயன்றதைக் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியை ‘நம்ம பள்ளிக்கூடம்’ என்று உரிமையோடு சொல்லும் வழக்கத்துக்கு இந்த மாநாடுகள் பெரிதும் உரமிட்டன என்றே கருதுகிறேன்.

ஆயினும் கொடைக்கு ஓர் எல்லை உண்டு. வளமான ஊர் கொடுப்பதை வறண்ட ஊர் கொடுக்க முடியாது. ஊருக்குள்ளும் கொடுப்பவர் மேடையில் இருப்பார். கொடுக்க ஏதுமற்ற கூலித் தொழிலாளி கூட்டத்தின் ஓரத்தில் நிற்பார். கொடையை மட்டும் நம்பிய பள்ளி, ஊரின் ஏற்றத்தாழ்வையே தன் சுவர்களிலும் தாங்கி நிற்கும்.

மதிய உணவு இந்த எல்லையைத் தாண்டியது. அரசு அதன் செலவில் பங்கேற்றது; 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. அந்த ஆணை, மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்தது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளிப் பிள்ளையின் சோற்றைச் சட்ட உரிமையாக்கியது. எட்டயபுரத்தில் ஊரார் அளந்த அரிசி, ஐம்பத்தேழு ஆண்டுகளில் அரசு, அரசு உதவிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றாயிற்று. கோரிக்கை முதிர்ச்சி பெறுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

சமச்சீர்: வெற்றியும் சுருக்கமும்

இதற்கு மாறான அனுபவத்தைச் சமச்சீர் கல்வி தருகிறது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசை என நான்கு வாரியங்கள் ஒரே ஊரின் பிள்ளைகளை நான்கு வகையாகப் பிரித்திருந்தன. கல்வியாளர்களும் ஆசிரியர், மாணவர் அமைப்புகளும் நெடுங்காலம் வலியுறுத்தியதன் பின்னணியில் 2006இல் ச.முத்துக்குமரன் தலைமையில் குழு அமைந்தது. அது 2007இல் அளித்த அறிக்கை பாடநூலோடு நிற்கவில்லை. பயிற்றுமொழி, ஆசிரியர்–மாணவர் விகிதம், கட்டமைப்பு என்று பள்ளியின் முழு வாழ்வையும் பேசியது. 2010இன் சமச்சீர் கல்விச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்ததோ பெரும்பாலும் பொதுப் பாடத்திட்டமும் பாடநூலும் தேர்வும்தான்.

அதையும் காப்பாற்றப் போராட வேண்டியிருந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு ஒரு திருத்தச் சட்டத்தால் அதை நிறுத்திவைத்தது. பெற்றோரும் கல்வி இயக்கத்தினரும் நீதிமன்றம் சென்றனர். ஜூலை 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. ஆகஸ்டு 9 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. கல்வியாண்டு பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கல்விக் கொள்கையை அரசும் வல்லுநரும் பார்த்துக்கொள்வார்கள், மக்கள் தலையிட்டால் குழப்பமே மிஞ்சும் என்று வாதிடுவோர் அந்த இரண்டு மாதங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் மக்கள் அல்லர். அதை முடித்துவைத்தவர்களே மக்கள்.

வெற்றிக்குப் பிறகு நடந்தது வருத்தம் தருவது. மத்திய வாரியப் பள்ளிகளைச் சட்டம் தொடவில்லை. எனவே மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல மத்திய வாரியத்துக்கு மாறின. வசதியுள்ள குடும்பங்கள் பின்தொடர்ந்தன. பாடநூல் பொதுவானது, பள்ளி பொதுவாகவில்லை. அறிக்கையின் மற்றப் பரிந்துரைகள் என்னவாயின என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் அமைப்பு எதையும் இயக்கம் தனக்கெனப் பெறவில்லை. தீர்ப்போடு கூட்டம் கலைந்தது.

கடைசி வாசலில் ஓர் ஒதுக்கீடு

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இதே பாடத்தைச் சொல்கிறது. நீட் தேர்வு வந்தபின் மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். நீதியரசர் கலையரசன் குழு ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானபோது தெருவிலும் நீதிமன்றத்திலும் குரல் எழுந்தது. அக்டோபர் இறுதியில் ஒப்புதல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த சில நூறு பிள்ளைகள் அவ்வாண்டே மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்கள். பெருமைப்பட வேண்டிய வெற்றி இது.

எனினும் ஒதுக்கீடு பன்னிரண்டாம் வகுப்பின் வாசலில் காத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் இல்லாத பிள்ளை அந்த வாசலை எட்டுவதற்கு அது வழி காட்டாது. அதே தெருவில் அதே வறுமையில் வளர்ந்து அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் அதில் இடமில்லை.

நிலையான இடம் எங்கே?

நான் தேடும் நிலையான இடத்துக்கான அடித்தளம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள்; நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம். கொடுப்பவரை மேடையேற்றிய பழைய மாநாட்டுக்கு இது ஒரு திருத்தம். இன்னும் முக்கியமானது 22ஆம் பிரிவு: குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் நிதி மானியத்துக்கும் அடிப்படையாக வேண்டும் என்று அது விதிக்கிறது. தமிழக அரசு 2022இல் இக்குழுக்களை மறுகட்டமைத்து, பெற்றோரில் ஒரு பெண்ணைத் தலைவராக்கியது.

இக்குழுக்களையும் ஆதிக்கச் சாதியினர் கைப்பற்றிவிடுவார்கள் என்ற அச்சம் பொருளற்றதன்று. தலைவி கையெழுத்து மட்டும் போட, கணவரோ ஊர்ப் பெரியவரோ முடிவெடுப்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் அதற்கு மருந்து குழுவை ஒதுக்குவதில் இல்லை. தீர்மானங்களை ஊரறியப் பள்ளிச் சுவரில் ஒட்டுவது, கூட்டத்தைக் கூலி வேலை முடிந்த மாலையில் வைப்பது, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலகம் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தருவது ஆகிய மூன்றையும் விதியாக்க வேண்டும். கழிவறைக்குத் தண்ணீர் இல்லை, கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்ற தீர்மானம் பதிலின்றிக் கிடந்தால், அடுத்த கூட்டத்துக்கு எந்தத் தாயும் வரமாட்டார். அன்றாடக் கூலியை விட்டு அவர் ஏன் வர வேண்டும்?

1954இல் மக்கள் ஒரு வாசல் மூடப்படுவதைத் தடுத்தார்கள். 1958இல் உள்ளே பெஞ்சு வாங்கிப் போட்டார்கள். 2011இல் பிள்ளைகளின் கையில் ஒரே நூலைக் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்தப் பயணத்தில் உரிமையாகக் கனிந்தது 1956இல் தொடங்கிய உணவு ஒன்றுதான். ஏனெனில் சோறு வராத நாளில் யாரிடம் கேட்பது என்பது ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். ஆசிரியர் வராத நாளிலும் அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் பதில் கிடைக்கவும் வேண்டும். கல்விச் சமத்துவத்துக்காக உழைக்கும் இயக்கங்களின் அடுத்த பணி அதுவே.