கூரையிலிருந்து கால்வாய் வரை: பேராக்கின் வீடுகளும் மழைநீரும்

தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரை எட்டாதிருக்க, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரம் 2,000 மில்லிமீட்டருக்கு மேலும், மலையடிவாரத் தைப்பிங் 4,000 மில்லிமீட்டர் அளவிலும் மழை பெறுகின்றன. அம்மழையும் நாள் முழுதும் தூறாமல், பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வந்து ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் 1 லிட்டர் என்பதால், 30 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு லயத்தின் மேல், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பின் மேல், 50 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது 12,000 லிட்டர் நீர் இறங்குகிறது. அந்நீர் சுவரோரத்தில் விழுகிறதா, அல்லது இறவாணத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பில், பொருத்திய தகரப் பீலியில் ஏந்தப்பட்டுக் குழாய் வழியே கால்வாயைச் சேர்கிறதா என்பதைப் பொறுத்தே வீட்டின் ஆயுள் அமைகிறது.

மலாய்க் கிராமத்து வீட்டுக்குப் பீலி தேவைப்படவில்லை. நீப்பா ஓலையால் வேய்ந்த 'அத்தாப்பு'க் கூரை செங்குத்தாகச் சரிந்து சுவருக்கு வெளியே நெடுந்தூரம் நீண்டிருந்ததாலும், வீடு தூண்களின் மேல் உயர்ந்து நின்றதாலும், விழும் நீர் சுவரைத் தொடாமலே தரையில் ஓடியது. தோட்டத் தொழிலாளர்களுக்கு எழுப்பப்பட்ட தொடக்கக் குடியிருப்புகள் அதே ஓலையையும் பலகையையும் எடுத்துக்கொண்டனவே அன்றி, அவ்வீட்டின் தாராளமான இடைவெளியை எடுத்துக்கொள்ளவில்லை.

1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, சுங்கை சிப்புட், பத்து காஜா, சிம்மோர் வட்டாரங்களில் தோட்டங்களோடு லயங்களும் பெருகின. நெளிதகட்டுக்கு 1829-இல் ஹென்றி பால்மர் காப்புரிமை பெற்றதும், இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறையை 1837-இல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியதும், தொலைதூரத் தோட்டங்களுக்கு மலிவான கூரையைத் தந்தன. ஓலையைப் போலன்றி ஈரத்தை உறிஞ்சாத தகரம், விழுந்த நீர் முழுவதையும் விரைவாக விளிம்புக்குத் தள்ளியது. அங்கே பீலி இல்லையெனில் ஒவ்வொரு நெளிவும் ஒரு தாரையாகி, ஒரே கோட்டில் மண்ணைத் தோண்டியது.

கால்வாய்கள் வெட்டப்பட்டதற்குச் சுவரைவிடக் காய்ச்சலே காரணம். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897-இல் நிறுவியதை ஒட்டி, மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளானில் வடிகால் முறையைச் செயற்படுத்தி வெற்றி கண்டார்; தோட்டங்களும் அதைப் பின்பற்றத் தொடங்கின. பேராக் உள்ளிட்ட ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பையும் சுகாதாரத்தையும் அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. ஆயினும் அந்த அக்கறை நோயாளியாகி வேலைக்கு வராமல் போகும் உடலைப் பற்றியது. தரையில் ஓடிய நீருக்குக் கிடைத்த கவனம் கூரை விளிம்பிலிருந்து விழுந்த நீருக்குக் கிடைக்காதது பெருங்குறை என்றே கூற வேண்டும்.

அக்குறையின் விளைவு சுவரின் அடியில் தொடங்கியது. இறவாணத்திலிருந்து விழும் தாரை மண்ணைத் தெறிக்கச் செய்து, பலகையின் கீழ் முனையை நனைக்க, நனைந்த மரம் உளுத்துக் கறையானுக்கு வழிவிட்டது. செங்கல் சுவரில் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறி, உலரும்போது உப்பை வெளியே தள்ள, சுண்ணப் பூச்சு வெண்மையாகப் பூத்து உதிர்ந்தது. அடித்தளத்தைச் சுற்றி மண் அரிக்கப்பட்ட இடங்களில் தரை உள்வாங்கிச் சுவர் பிளந்தது. ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்திருப்பதால், ஓரிடத்தில் தொடர்ந்து ஊறும் நீர் மண்ணைப் பாறைக் குழிகளுக்குள் இழுத்துச் செல்லும் இடர் அங்கு கூடுதலாக உண்டு. தகரத்தை மடித்தும் மூங்கிலைப் பிளந்தும் பீலி செய்து, அந்நீரைத் தோம்பில், அதாவது பீப்பாயில், பிடித்துக் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்திய குடும்பங்கள் இருந்தன. ஒரே செயலால் சுவரையும் காத்து நீரையும் சேர்த்த அவ்வறிவு உரிய மதிப்பைப் பெறவில்லை.

ஈப்போவில் நிலை வேறு. 1892-இல் பெருந்தீ நகரின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை அழித்தபின் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட கடைவீடுகள் எழுந்தன. பொதுச் சுவரால் ஒட்டி நின்ற இவற்றின் கூரைநீர் முன்னும் பின்னும் மட்டுமே இறங்க முடியும். ஆகவே முன்புற நீர் அஞ்சடியை, அதாவது கடைமுன் உள்ள நடைபாதையை, தாண்டித் தெருக் கால்வாயிலும், உட்புற நீர் நடுமுற்றத்திலும் விழுந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைத் தாழ்வாக நிறுத்தியதால் வாடகைதாரர் பிழைத்தனர். ஆனால் உரிமையாளர் பலர் கூரையைப் பழுதுபார்க்க முன்வரவில்லை. அடைபட்ட பீலியில் முளைத்த அரசும் ஆலும் சுவருக்குள் வேர்விட்டன. சட்டம் 1997-இல் நீக்கப்பட்டபோது பல கட்டடங்கள் சீரமைக்கும் நிலையைக் கடந்திருந்தன.

பீலிக்கு எதிரான வாதம் ஒன்றும் புறந்தள்ளத் தக்கதன்று. இலை அடைத்துத் தேங்கிய பீலி, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உறைவிடமாகிறது. கொசு பெருக இடமளிப்பதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. எனவே பீலியைத் தவிர்த்து, அகன்ற இறவாணத்தையும் வீட்டைச் சுற்றிய சிமென்டுத் தளத்தையும் கால்வாயையும் நம்பும் வழக்கம் மலேசியாவில் பரவலாக உள்ளது. இறவாணம் நீண்டு, கால்வாய் அதன் நேர்கீழே இருந்தால் அது தக்க வழியே. இறவாணம் குறுகிய வீட்டுக்கோ, நீர் நிற்காத சாய்வுடன் அமைந்து அடிக்கடி துப்புரவாக்கப்படும் பீலியே வேண்டும்.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் 1966-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தாலும், பின்னர் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டத்தாலும் வகுக்கப்பட்டது. அதற்குள் துண்டாடலாலும் நிலமாற்றத்தாலும் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. எஞ்சிய சில லயங்களையும் ஈப்போ பழைய நகரின் கடைவீடுகளையும் காக்க முனைவோர், சுவரில் வண்ணம் பூசுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் முன்னர், கூரை விளிம்பையும் அதன் கீழுள்ள கால்வாயையும் சீர்செய்ய வேண்டும்.