அடைப்பான் நோயும் பிராட்ஃபோர்டு கம்பளித் தொழிலாளர்களும் (1876–1921)

ஆய்வுச் சுருக்கம்

அடைப்பான் நோய் மேய்ச்சல் நிலத்துக் கால்நடை நோயாகவே பெரிதும் அறியப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரைக் கொல்லும் தொழில்நோயாகவும் ஆனது. நோய்க்காரணி கண்டறியப்பட்ட பின்னரும் பாதுகாப்பு ஏன் தாமதமாயிற்று என்பதையும், அப்பாதுகாப்பு யாரை எட்டவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அடைப்பான், கம்பளி, பிராட்ஃபோர்டு, தொழில்நோய், தொற்றுநீக்கம்.

முன்னுரை

மண்ணில் தங்கிய நுண்சிதல்களை மேய்ச்சலின்போது உட்கொள்ளும் ஆடுமாடுகள் இந்நோய்க்கு ஆளாகின்றன. பல வேளைகளில் அவை திடீரென இறக்கின்றன. உடல் துவாரங்களிலிருந்து உறையாத கருங்குருதி வடிகிறது. குருதியில் உள்ள கிருமி காற்றுப்பட்டதும் சிதலாக மாறிப் பல ஆண்டுகள் அழியாது நிற்கும். தோல், மயிர், கம்பளி ஆகியவற்றில் ஒட்டிய சிதல்கள் அவற்றோடு நெடுந்தொலைவு பயணம் செய்ய வல்லவை. பிராட்ஃபோர்டின் துயரத்திற்கு அடிப்படை இதுவே.

தொலைநிலத்து மந்தையும் ஆலைத் தொழிலாளியும்

பிராட்ஃபோர்டு ஆலைகள் உள்நாட்டுக் கம்பளியோடு தென் அமெரிக்க அல்பாக்காவையும் துருக்கிய மொஹேரையும் பயன்படுத்தத் தொடங்கின. கிழக்கு அனத்தோலியாவின் வான் ஏரிப் பகுதியிலிருந்து வந்த மொஹேர் மிகுந்த ஐயத்திற்குரியதாகக் கருதப்பட்டது. நோயால் இறந்த ஆடுகளின் மயிரும் மூட்டைகளில் கலந்து வந்தது. உலர்ந்த கம்பளியைக் கையால் தரம்பிரித்தவர்கள் அதன் தூசியைச் சுவாசித்தனர். நலமாக வேலைக்கு வந்தவர் சில நாட்களில் மூச்சுத்திணறி இறப்பது அங்கு ‘கம்பளி பிரிப்போர் நோய்’ எனப்பட்டது.

1876-இல் இராபர்ட் கோக் அடைப்பான் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைத் தெளிவுபடுத்தினார். பிராட்ஃபோர்டு மருத்துவர் ஜான் ஹென்றி பெல், கம்பளி பிரிப்போர் நோயும் அக்கிருமியால் விளைவதே என 1880 அளவில் நிறுவினார். எனினும் அறிவியல் தெளிவு உடனடியாகப் பாதுகாப்பாக மாறவில்லை.

விதிகளும் அவற்றின் எல்லையும்

1884-இல் நகரில் உருவான விதிகள் தன்விருப்ப அடிப்படையிலானவை. ஆபத்தானவை எனக் கருதப்பட்ட வகைகளை நனைத்தல், தூசியை விசிறியால் வெளியேற்றல் ஆகியவற்றை அவை வலியுறுத்தின. பின்னர் அவை சட்டக் கட்டாயம் பெற்றன. ஆயினும் பாதுகாப்பானவை எனக் கருதப்பட்ட வகைகளிலிருந்தும் நோய் பரவியது.

1905-இல் இரு திருப்பங்கள் நிகழ்ந்தன. கம்பளியிலிருந்து கண்வழித் தொற்றி இறந்த தொழிலாளியின் வழக்கில், அது ‘விபத்து’ எனக் கொள்ளப்பட்டு இழப்பீட்டிற்கு உரியது எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 1906-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் அடைப்பானைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மற்றொன்று, பிராட்ஃபோர்டில் அடைப்பான் ஆய்வு வாரியம் அமைந்தது. அதன் நுண்ணுயிரியலாளர் பிரெடரிக் யூரிக், குருதிக் கறை படிந்த கம்பளியே முதன்மை ஆபத்து எனக் காட்டினார். கறையைக் கண்ணால் கண்டு முழுமையாக நீக்க இயலாது. எனவே தொழிலாளியின் எச்சரிக்கையை மட்டும் நம்பிய முறை போதாது என்பது புலனாயிற்று.

துறைமுகத்தில் தடுப்பு

வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் குருதிக்கட்டிகளைக் கரைத்துப் பின் பார்மால்டிஹைடால் சிதல்களை அழிக்கும் முறையை டக்கரிங் உருவாக்கினார். 1919-ஆம் ஆண்டு அடைப்பான் தடுப்புச் சட்டம் ஆபத்தான பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1921-இல் லிவர்பூலில் அரசுத் தொற்றுநீக்க நிலையம் செயல்படத் தொடங்கியது. பாதுகாக்கும் பொறுப்பு தொழிலாளியிடமிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து துறைமுகத்திற்கும் நகர்ந்ததை இவ்வரிசை உணர்த்துகிறது.

மேய்ச்சல் நிலத்தில் எஞ்சிய ஆபத்து

1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு வெளியிட்ட பரிந்துரை, தொற்றுள்ள கம்பளியை ஏற்றுமதி நாட்டிலோ, அது இயலாவிடின் இறங்கு துறைமுகத்திலோ தூய்மை செய்யக் கோரியது. லிவர்பூலில் தூய்மை செய்வது ஆங்கிலத் தொழிலாளியைக் காத்தது. ஆட்டை வளர்த்தவரையும் இறந்த விலங்கின் தோலை உரித்தவரையும் அது காக்கவில்லை. அவர்களுக்கான வழி கால்நடைத் தடுப்பூசியே. 1881-இல் பாஸ்டர் பூயி-லெ-ஃபோரில் அதனை மெய்ப்பித்தார். 1930-களில் தென்னாப்பிரிக்காவின் மாக்ஸ் ஸ்டெர்ன் எளிதில் பயன்படுத்தத்தக்க தடுப்பூசியை உருவாக்கினார். தடுப்பூசி இருப்பது மட்டும் போதாது, அதனை மந்தைக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்பும் வேண்டும் என்பதற்கு ஜிம்பாப்வே சான்று. விடுதலைப் போரில் கால்நடை மருத்துவப் பணிகள் சீர்குலைந்திருந்த நிலையில், 1978–1980 காலத்தில் அங்கு 10,000-க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர்.

முடிவுரை

கிருமியைக் கண்டறிந்ததற்கும் லிவர்பூல் நிலையத்திற்கும் இடையே 45 ஆண்டுகள் கழிந்தன. அறியாமை மட்டுமே இத்தாமதத்திற்குக் காரணமன்று. தடுப்பின் செலவையும் பொறுப்பையும் யார் ஏற்பது என்ற வினாவும் காரணமாகும். அவ்வினாவிற்கு ஆலை நகரம் விடை பெற்றது. மேய்ச்சல் நிலத்திற்கு அவ்விடை உரிய காலத்தில் கிட்டவில்லை என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.