கொள்ளுத்தாத்தா போட்ட கையெழுத்து

எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டு பெரியவர்களும் இந்தியக் குடிமக்கள், இருவருக்கும் மூன்று பிள்ளைகள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கே வீடு என்று இருவரும் உயில் எழுத நினைத்தார்கள். ஒருவர் எழுதிவிட்டார். மற்றவரிடம் வக்கீல், "முழுசா எழுத உங்களுக்கு உரிமை இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். காரணம், அவருடைய கொள்ளுத்தாத்தா போட்ட ஒரு கையெழுத்து.

1819 ஜனவரி 6ஆம் தேதி உத்தரவுப்படி பிரெஞ்சுச் சட்டங்கள் புதுச்சேரியில் அமலுக்கு வந்தன. ஆனால் உள்ளூர்வாசிகளின் கல்யாணம், வாரிசு போன்ற விஷயங்களில் அவரவர் சாதி வழக்கமே செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வழக்கமும் சென்னைப் பக்கத்து வழக்கம் அல்ல. அங்கே பாட்டன் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. இங்கே அப்பா உயிரோடு இருக்கும்வரை அவரே முழுச் சொந்தக்காரர். மகன் பாகம் கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. (நம் ஊர் அப்பாக்களின் மிடுக்குக்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!)

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு புது ஆணை வந்தது. சாதி வழக்கத்தைத் துறந்து கோத் சிவிலை ஏற்கலாம். கையெழுத்திட்டவர் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போக வழியில்லை. இவர்களே ரெனோன்சான்கள். ஷூ அணிந்து கோர்ட்டுக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடிய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனது இப்படித்தான். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறையப் பேர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் தேடியது சமத்துவம். வாரிசுச் சட்டம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை அப்பாவால் தொட முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதிச் சொத்தையும், இரண்டு என்றால் மூன்றில் ஒன்றையும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் காலே காலையும்தான் இஷ்டப்படி எழுதலாம். வீடு 40 லட்சம் என்றால் 10 லட்சம்தான் அவர் கையில். மீதி 30ல் ஆளுக்குப் பத்து. ஆக, மகளுக்கு அதிகபட்சம் 20. உயிரோடு இருக்கும்போது தானமாகக் கொடுத்தாலும் அது கணக்கில் சேரும்.

1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். 1963இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்தபோது, 'ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது' என்று அதிலேயே ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். ரெனோன்சான் என்றாலே பிரெஞ்சு பாஸ்போர்ட், சொல்தா பென்ஷன் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கேட்காமல் இந்தியராகவே நின்றவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பம் அப்படித்தான்.

மகன்கள் இருவரும் "எங்களுக்கு வேண்டாம்ப்பா" என்கிறார்கள். அதை எழுதி வாங்கலாமா என்று கேட்டார். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கை விட்டுக்கொடுத்து எழுதினால், அந்தச் சட்டத்தில் அது செல்லாது. ஆனால் காலமான பிறகு மகன்களாகக் கேட்டால்தான் உயிலைக் குறைக்க முடியும். கேட்காவிட்டால் வீடு முழுவதும் மகளுக்கே.

போன வாரம் அவர் உயிலை எழுதிவிட்டார். டைப் அடிக்கவில்லை. பழைய கோத் கேட்பதுபோல முழுவதும் தன் கையாலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். வக்கீல் சொன்னபடி இரண்டு சாட்சிகளும் உண்டு. ஒரு சாட்சி நான். கை நடுங்கியதால் இரண்டு பக்கம் எழுத மூன்று மணி நேரம் ஆயிற்று. மகள் நடுவில் இரண்டு முறை காபி கொண்டுவந்து வைத்தாள். என்ன எழுதுகிறார் என்று அவள் கேட்கவில்லை.