தம்பதியர் ஏறிய மலைச் சாலைகள்

ஐரோப்பாவின் மலைச் சாலைகள் சைக்கிளுக்கு எவ்வாறு உரிமையாயின என்று ஆராயப் புகுந்தால், விசித்திரமாகத் தோன்றினும், முதல் நன்றியை ரயிலுக்கே செலுத்த வேண்டியிருக்கிறது. நெப்போலியன் தன் பீரங்கிகள் செல்லும்பொருட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிம்ப்ளான் கணவாயின் மேல் போடுவித்த பாதையைப் போல, வளைந்து வளைந்து நிதானமாக ஏறும் சாலைகள் பல ஆல்ப்ஸ் மலையில் அமைந்திருந்தன. அவற்றில் தபால் வண்டிகள் ஓயாது போய்வந்தமையால் வழிநெடுக விடுதிகளும் குதிரை லாயங்களும் செழித்திருந்தன. பிரான்சையும் இத்தாலியையும் இணைத்த சுரங்கம் 1871இலும், கோட்ஹார்ட் சுரங்கம் 1882இலும் திறக்கப்படவே, அவ்வழிகளின் போக்குவரத்தெல்லாம் மலையின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. மேலே நல்ல சாலையும், ஆளற்ற விடுதியும், வருவார் யாருமின்றி வாசலில் நின்ற விடுதிக்காரருமே மிஞ்சினர்.

அப்படி வெறிச்சோடிய சாலைகளில் மீண்டும் சக்கரம் உருட்டியவர்களைப் பற்றி எழுதும் சரித்திரக்காரர்கள், ஆளுயரச் சக்கரத்தின்மேல் அமர்ந்து சவாரி செய்த வாலிபர்களை வியந்துவிட்டு, 1885இல் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிய ரோவர் சைக்கிளுக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகிறார்கள். இடையில் இருந்த முச்சக்கர வண்டியை அவர்கள் கிழவர்களுக்கும் ஸ்திரீகளுக்கும் ஏற்பட்ட விளையாட்டுச் சாமானாகவே கருதுவதாகத் தெரிகிறது. இது பெரும் அநியாயம். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையுடன் ஒரு பெண் அந்த உயரச் சக்கரத்தில் ஏற இயலாதிருந்த காலத்தில், கணவனும் மனைவியும் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து சேர்ந்து மிதிக்கக்கூடிய முச்சக்கர வண்டி ஒன்றே, நெடுந்தூரப் பிரயாணத்தைத் தம்பதியரின் காரியமாக ஆக்கிற்று.

பிலடெல்பியா நகரத்தவர்களான ஜோசப் பென்னலும் எலிசபெத் ராபின்ஸ் பென்னலும் 1884ஆம் ஆண்டு ஜூன் மாதம் மணம் புரிந்துகொண்டார்கள். அவர் சித்திரக்காரர், அவள் எழுத்தாளர். ஒருவர் வரைய மற்றவர் எழுதுவதென்ற ஏற்பாட்டில் அவ்வாண்டே ஹம்பர் முச்சக்கர வண்டி ஒன்றில் பிளாரன்ஸிலிருந்து ரோமாபுரிக்குப் புறப்பட்டார்கள். நேப்பிள்ஸில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன ஆண்டு அது. எனினும் இலையுதிர் காலத்து டஸ்கனி, வருவோர்க்கு வஞ்சனை செய்யாத பூமி. கோடைப் புழுக்கம் தணிந்து, திராட்சைக் குலைகளை ஏற்றிய வண்டிகளை வெள்ளை எருதுகள் அசைந்து அசைந்து இழுத்துச் செல்லும் பருவத்தில், சீயன்னா வழியாகவும், களிமண் குன்றுகளிடையே நிற்கும் மோன்டே ஒலிவேத்தோ மடத்தின் வழியாகவும், கோர்டோனா, பெருஜியா, அசிசி, ஸ்போலேட்டோ என்று மலைமேல் அமர்ந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டு அவர்கள் சென்றனர். அப்பிரதேசத்து ஊர்களைப் பகைவர்க்கும் பள்ளத்தாக்கின் விஷக் காய்ச்சலுக்கும் அஞ்சிய முன்னோர் குன்றின் உச்சியிலேயே கட்டிவைத்தார்கள். ஆகையால் பகலெல்லாம் சமவெளியில் சுகமாக மிதித்து வந்தவன், உடல் ஓய்ந்த மாலை வேளையில்தான் படுக்கைக்காக மலை ஏறியாக வேண்டும். கெட்டி ரப்பர் சுற்றிய மூன்று சக்கரங்களோடு அந்தக் கனத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவது எளிய செயலன்று. இவ்வளவு சிரமப்பட்டு ரோமாபுரி சேர்ந்தவர்களுக்கு, கோர்சோ வீதியில் கட்டுமீறிய வேகத்தில் வண்டி ஓட்டினார்களென்று அபராதம் விதிக்கப்பட்டது என்பது எலிசபெத்தே சிரித்துக்கொண்டு எழுதிவைத்த செய்தி.

உண்மையில் மலைச் சவாரியில் அஞ்சத்தக்கது ஏற்றமன்று, இறக்கமே. ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் வண்டியே எஜமானாகிவிடும். டன்லப் 1888இல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பின்னும், மிதியும் சக்கரமும் சேர்ந்தே சுழலும் வழக்கம் நீடித்தபடியால், சரிவில் கால்களை மிதியிலிருந்து எடுத்து முன்புறத்துத் தாங்கியில் வைத்துக்கொண்டு, டயரின்மேல் அழுந்தும் ஒற்றைப் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருந்தது. அது போதாதென்று அறிந்த அனுபவசாலிகள், மரக்கிளையொன்றை வெட்டி வண்டியின் பின்னால் கட்டி, அது புழுதி கிளப்பிக்கொண்டு தரையில் இழுபட்டு வர, அந்தப் பாரத்தையே பிரேக்காகக் கொண்டு இறங்கினார்கள். இத்தகைய நிலைமையில் தனிச் சைக்கிளில் ஆல்ப்ஸ் கணவாய்கள் பலவற்றைக் கடந்து, எலிசபெத் 1898இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டாள்.

அவ்வேளையில் இன்னோர் அமெரிக்கத் தம்பதியர் நம் நாட்டிலேயே இருந்தார்கள். பானி புல்லக் வர்க்மனும், வைத்தியரான அவள் கணவர் வில்லியமும் 1897 நவம்பரில் தொடங்கிய யாத்திரையில், இலங்கை, ஜாவா முதலிய தேசங்களோடு குமரிமுனை தொடங்கி இமயம் வரை சைக்கிளில் சுற்றினார்கள். தாங்கள் கடந்த தூரத்தை 14,000 மைல் என்று கணக்கிட்டுத் தங்கள் நூலின் தலைப்பிலேயே பொறித்தார்கள். ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியவர்கள் அவர்கள். வெயில் கடுமைக்கு அஞ்சி இமயத்தை நாடிய அவ்விருவரையும் பனிச்சிகரங்கள் பற்றிக்கொண்டன. பிற்காலத்தில் அவர்கள் பெயர் மலையேறிகளின் வரிசையிலேயே நிலைத்துவிட்டது.

ஏற்றத்தின் வழக்கைத் தீர்த்தது கியர். செயின்ட்-எட்டியன் நகரில் வெலோசியோ என்ற புனைபெயரில் பத்திரிகை நடத்திய பால் தெ விவீ, பற்சக்கரங்களை மாற்றி மாற்றி மிதித்தால் மலையும் சமவெளியாகுமென்று ஓயாது வாதாடினார். 1902இல் பிரெஞ்சுப் பிரயாணிகள் சங்கம் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயில் நடத்திய பரீட்சையில், மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் பூட்டிய சைக்கிளில், ஒரே கியரில் ஏறிய தேர்ந்த பந்தய வீரரை மிஞ்சிக் காட்டினாள். அப்படியும் பந்தயக்காரர்களின் கர்வம் இறங்கவில்லை. கியர் பெண்களுக்கும் முதியோருக்குமே உரியது என்ற பழைய பல்லவியை விடாமல், பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வீரர்கள் யாவரும் கியர் மாற்றும் கருவியைத் தாராளமாக உபயோகிக்க 1937 வரை அனுமதி அளிக்கப்படவில்லை. அதற்கு முந்தின ஆண்டே, தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை அளித்த சட்டம் பிரான்சில் நிறைவேறியது. ஆலைத் தொழிலாளியும் அவன் மனைவியும் இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகச் சாலைக்கு வந்துவிட்டார்கள்.