கிண்டி மானும் அடைப்பான் நோயும்



2022 மார்ச்சில் கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் மான் இறந்ததும், ஆந்த்ராக்ஸ் என்று செய்தி வந்ததும் நினைவிருக்கலாம். "அமெரிக்காவில் தபாலில் அனுப்பின பவுடர்தானே சார், இங்கே எப்படி வந்தது?" என்று காலை நடையில் ஒருவர் கேட்டார்.

அது புதிதாக வந்ததல்ல. ஆடுமாடு வளர்ப்பவர்கள் 'அடைப்பான்' என்று சொல்வது இதைத்தான். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கும் தடுப்பூசி தயாரிக்கிறது.

இந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேய்கிற மாடு அதைத் தின்று சாகும். செத்த மாட்டை அறுத்தவர் கையில் வலியில்லாத புண் வந்து, கரிபோல் கறுத்துப் பொருக்குத் தட்டும். ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். தோலோடு நின்ற நோய்க்கு மருந்து கொடுத்தால் அநேகமாக எல்லாரும் பிழைப்பார்கள்.

பிறகு யார் சாகிறார்கள்? நோய் நுரையீரலுக்கோ, குடலுக்கோ, மூளை உறைக்கோ போனவர்கள். மூளை உறையைத் தொட்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது. அப்படி ஒரே பகுதியில் பலருக்கு வந்ததை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1994இல் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள்.

1979இல் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லாவ்ஸ்கில் இராணுவக் கூடத்திலிருந்து இந்த வித்து காற்றில் கசிந்தது. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட இறைச்சிதான் காரணம் என்றது அரசு. 1992இல்தான் எல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். 2001இல் அமெரிக்காவில் நுரையீரல் நோய் வந்த 11 பேரில் 5 பேர் இறந்தார்கள். முதல் பத்துப் பேரைப் பற்றிய பதிவைப் பாருங்கள்: வெறும் காய்ச்சலும் இருமலுமாக இருந்தபோதே சரியான மருந்து கிடைத்த 6 பேரும் பிழைத்தார்கள். மூச்சுத் திணறி, நிலைமை முற்றிய பிறகு மருந்து பெற்ற 4 பேரும் இறந்தார்கள்.

1900 முதல் 2005 வரை நுரையீரல் நோய் வந்த 82 பேரின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். சீக்கிரம் மருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை வடிப்பது: இவை கிடைத்தவர்களில் சாவு குறைவு.

காரணம் எளிது. மருந்து கிருமியைக் கொல்லும். அது ஏற்கெனவே இரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை முறிக்காது. அதனால்தான் ஒரு நாள் தாமதம்கூட உயிரை வாங்கிவிடுகிறது.

எனவே ஊரில் உறவினர் இருப்பவர்கள் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். திடீரென்று செத்த மாட்டை, ஆட்டை அறுக்க வேண்டாம். அறுத்தால் காற்றுப் பட்டு வித்து உண்டாகும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோ கறுத்த புண்ணோ வந்தால், "செத்த மாட்டைத் தொட்டேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். நஷ்டத்துக்குப் பயந்தும் கூச்சப்பட்டும் பலர் மறைப்பது அதைத்தான்.

உங்கள் ஊரில் அடைப்பானுக்கு வேறு பெயர் உண்டா? கீழே எழுதுங்கள்.