திரைப் பின்னணி நிறத்தின் வரலாறு
2008-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐபோன் மென்பொருள் கருவித்தொகுப்பில், திரை உறுப்புகளுக்கான யுஐவியூ என்ற அடிப்படை வகுப்புக்கே பின்னணி நிறப் பண்பு இருந்தது. நிரலர் தாமே கோடும் வட்டமும் வரையும் பரப்பில், அந்த நிறம் முதலில் பூசப்படும். அதன் மேல்தான் அவர் வரைவது விழும். நிறம் குறிக்காமல், பரப்பு ஒளிபுகாதது என்ற இயல்பு அமைப்பையும் மாற்றாமல் விட்டால் பின்னணி கறுப்பாகிவிடும்.

அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 1.0-இலும் பின்னணிக்கே முதலிடம். பின்னணிமேல் பின்னணி அடுக்கினால் ஒரே புள்ளி பலமுறை நிறமேறி வேகம் குறையும். இந்த வீண்வேலையைத் திரையிலேயே வண்ணமிட்டுக் காட்டும் வசதி 2012-இல் ஆண்ட்ராய்டு 4.2-இல் சேர்ந்தது.

2019-இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டிலும் டார்க் மோட் என்ற இருண்ட தோற்றம் வந்தது. அதன்பின் நிலையான வெள்ளைக்குப் பதிலாக, தோற்றத்துக்கேற்ப மாறும் நிறங்களைக் குறிப்பது வழக்கமாயிற்று.