முதலில் வந்தவர் யார்?

மனித குலத்தின் தோற்றம் பற்றிய ஆய்வுச் சொற்பொழிவுகளுக்குச் செய்தியாளனாகப் பல தடவை சென்றிருக்கிறேன். பேச்சாளர் ஆபிரிக்காவில் தொடங்கி, கல்லாயுதங்கள், எலும்புகள், மரபணுக்கள் என ஒரு மணி நேரம் விளக்கி முடித்ததும் அவையிலிருந்து எழும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்படியானால் இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர்கள் நாங்களா, அவர்களா?" கொழும்பில் இது வெறும் விவாதம். திருகோணமலையில் இது காணி பற்றிய கேள்வி.

நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே செல்வோர் சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்தே செல்வர். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல், இடையே மணல். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்து இக்கரையைச் சிதைத்ததை வாசகர்கள் அறிவார்கள். இத்தகைய மணலில் எலும்பு நெடுங்காலம் நிலைப்பதில்லை. இலங்கையின் ஆதி மனிதரைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பெரும்பகுதி தென்மேற்கின் குகைகளிலிருந்து கிடைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். குகை காத்துக் கொடுத்தது, கரை கொடுக்கவில்லை. அதனாற் கரையில் மனிதர் வாழவில்லை என்றாகிவிடாது.

களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் மழைக்காட்டுக் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடி உண்டனர் என்பதை ஒசான் வெதகேயும் பற்றிக் றொபேட்ஸும் அவர்தம் குழுவினரும் 2019இல் வெளியிட்டனர். அங்கு கிடைத்த எலும்பு முனைகள் அம்பு முனைகளாகப் பயன்பட்டன என்று 2020இல் வந்த மற்றோர் ஆய்வு கூறியது. மரத்தில் தாவும் குரங்கை வீழ்த்துவது எளிய காரியமன்று. அவர்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று பாடநூல் எழுதியவர்கள் ஒரு முறை முயன்று பார்த்திருக்கலாம். இதற்கும் முந்திய கல்லாயுதங்கள் தெற்கே புந்தலவிலும் வடக்கே இரணைமடு மண்படையிலும் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள் எனச் சிரான் தெரணியகல மதிப்பிட்டார். அவற்றைச் செய்தவரின் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

தமிழுக்கும் சிங்களத்துக்கும் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளோ மூவாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. பாகியங்கல மனிதனிடம் "நீ எந்த இனம்?" என்று கேட்பதில் பொருளில்லை. 'கடல் கடந்து வந்தவர்' என்ற வசையும் அக்காலத்துக்குப் பொருந்தாது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை இருந்த இடத்தில் தரை இருந்தது. மனிதர் நடந்து வந்தனர், நடந்து திரும்பியும் சென்றனர். ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் இலங்கை இறுதியாகத் தீவாயிற்று.

இராவணன் கன்னியாவில் தாய்க்குக் கிரியை செய்தான் என்ற கதை எனக்கும் விருப்பமானதே. ஆனால் அதைத் தொல்லியற் சான்றாக மேடையில் முழங்கும் நம்மவரும், பழைய செங்கல் கண்ட இடமெல்லாம் தமக்கே உரியது என்பவரும் ஒரே தவறைத்தான் செய்கின்றனர்.

இந்தச் சண்டையில் எவரும் விசாரிக்காத ஒரு சமூகம் இம்மாவட்டத்திலேயே உண்டு. மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளில் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழும் கரையோர வேடர்கள் அவர்கள். செலிக்மான் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே இவர்களைப் பற்றி எழுதியுள்ளனர். 'வேடர் என்றால் மகியங்கனை' என்று பழகிவிட்ட நமக்கு, தமிழ் பேசும் வேடர் கணக்கில் வருவதில்லை. சிங்களத் தேசியவாதிக்கு அவர்கள் தமிழர். தமிழ்த் தேசியவாதிக்கு எண்ணிக்கை. 2006இல் மூண்ட போரில் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் இடம்பெயர்ந்தோரில் இவர்களும் இருந்தனர்.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் நியமிக்கப்பட்ட பதினொருவருள் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, வேடரும் இல்லை.